இல்லத்தார் மனந்திரும்புதலும் உபவாச ஜெபமும்

உபவாசமென்பது உணவொழித்தல் மாத்திரமன்று என்பதை யாவரும் அறிவர். ஆயினும், யாரை முன்னிட்டு உணவொழிக்கிறோம், யாருடைய குற்றத்தை மனத்துட்கொண்டு முழங்காலிடுகிறோம் என்று நின்று நிதானித்து வினாவுவோர் மிகச் சிலரே. நம் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் இக்காலத்து உபவாச ஜெபம் குறைந்துவிட்டதென்று எவரும் குறைகூறற்கு இடமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசக் கூட்டம் நடைபெறாத ஊர்கள் அரியவாயின. அக்கூட்டங்களில் எழுதிக்கொடுக்கப்படும் விண்ணப்பச் சீட்டுகளிற் பெரும்பாலன குடும்பத்தைப் பற்றியனவே. கணவன் குடியை விடவேண்டும்; மகன் சொற்கேளான், அவன் திருந்தவேண்டும்; மருமகள் சபைக்கு வரவேண்டும்; அண்ணன் தம்பியர் வழக்கு ஒழியவேண்டும். இவ்விண்ணப்பங்களை இகழ்தல் என் கருத்தன்று. கண்ணீரோடு எழுதப்பட்ட சீட்டைக் கண்டு நகைப்பவன் கற்றவனல்லன். எனினும் அச்சீட்டுகளில் ஒரு வாக்கியம் மாத்திரம் அரிதாகக் காணப்படுகின்றது. எழுதுபவர் தம்மைக்குறித்து எழுதும் வாக்கியமே அது.

குடும்பத்தின் மனந்திரும்புதலுக்காக உபவசிப்பவர், வீட்டாரில் ஒருவர்மேல் தேவசமுகத்திற் குற்றச்சாட்டுக் கொண்டுவரும் வாதியாக நிற்றல் ஆகாது. அவ்வீட்டின் குற்றத்தில் தாமும் பங்குடையவராகவே நிற்கவேண்டும். அங்ஙனம் நில்லாத உபவாசம் எத்தனை நாள் நீடிப்பினும் அது பட்டினியாமேயன்றி உபவாசமாகாது. இதனைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். உபவாசமென்னும் வடசொல்லுக்கு அருகில் வசித்தல் என்பது பொருள். கடவுளின் அண்மையில் இருத்தற்காக உணவின் நினைவை ஒருபொழுது விலக்குதல் என்று அதனை விரிக்கலாம். நம் கத்தோலிக்க சகோதரர் நாளுக்கு ஒருவேளை மாத்திரம் உண்பதை ஒருசந்தி என்றும், மாமிசம் விலக்குதலைச் சுத்தபோசனம் என்றும் வழங்குவர். அச்சொற்கள் நம் புரொட்டஸ்டாண்டு சபைகளில் வழக்கிழந்தது ஒரு நஷ்டமென்றே எண்ணுகிறேன். தமிழருக்கோ நோன்பு புதியதன்று. கிறிஸ்தவ இல்லத்தைச் சூழ்ந்துள்ள வீடுகளிலும் ஏகாதசியும் கார்த்திகையும் ரமலானும் ஒழுங்காக அநுஷ்டிக்கப்படுகின்றன. ஆதலின், உணவை விட்டோம் என்னும் ஒன்றினால் நாம் அயலாரினும் மேம்பட்டவராவதில்லை.

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்தை அறிந்த வாசகர் நம்மிற் சிலர் இருப்பர். 1993இல் தென்னார்க்காடு ஜில்லா பிரிக்கப்பட்டபோது கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த நிலப்பகுதி அது. ஒருபுறம் மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள். மறுபுறம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். இடையே நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள். சூளைவேலைக்கும் சுரங்கவேலைக்கும் வயல்வேலைக்கும் செல்வோர் ஒரே வீட்டில் இருப்பர். காலையில் வெவ்வேறு திசை நோக்கிப் பிரிவோர் இரவில் ஒரு விளக்கின்கீழ்க் கூடுவது அரிது. கூடினும் களைப்பினால் உறங்குவர். அன்றேல் கைப்பேசியில் ஆழ்வர். குடும்ப ஜெபமென்பது அத்தகைய வீட்டில் தாய் ஒருத்தியின் தனி ஜெபமாகவே சுருங்கிவிடுகின்றது. பிறகு, அவள் உபவசிக்கின்றாள். வீட்டார் மற்றையோர் அவள் சமைத்து வைத்துவிட்டுப் பட்டினியிருப்பதை அறியாமலே உண்டு செல்கின்றனர். இது கம்மாபுரத்துக்கே உரிய நிலையன்று. ஆயினும் அவ்வூர்ப் பக்கத்து வீடுகளில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

இத்தாயின் உபவாசத்தில் நமக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவளைச் சுற்றியிருப்போர், சில வேளைகளில் அவளுக்குப் போதிப்போரும், அவ்வுபவாசத்தை ஒரு பேரமாக மாற்றிவிடுகின்றனர். இத்தனை வெள்ளி உபவசித்தால் கணவன் திருந்துவான், இத்தனை நாள் விழித்திருந்தால் மகன் திரும்புவான் என்று கணக்கிட்டுக் கூறுவோர் உளர். நாட்கள் கழிந்தும் பலன் தோன்றாதாயின், அவளுடைய விசுவாசம் போதாதென்று பழியும் அவள்மேலேயே விழுகின்றது. தாவீது அரசன் தன் குழந்தைக்காக ஏழுநாள் தரையிற் கிடந்து உபவசித்தும் அக்குழந்தை இறந்ததை இவர்கள் வாசியாதவர்களோ! அவன் அதன்பின் எழுந்து, நீராடி, ஆலயத்துட் சென்று பணிந்துகொண்டான். அவனுடைய உபவாசம் கடவுளை விலைக்கு வாங்கும் முயற்சியாயிருந்திருப்பின் அப்பணிதல் நிகழ்ந்திராது.

நெகேமியாவின் சரித்திரத்தின் முதல் அதிகாரத்தை மாணவர் ஊன்றி வாசிக்கவேண்டும். எருசலேமின் அலங்கம் இடிபட்டுக் கிடக்கிறதென்னும் செய்தி சூசான் அரண்மனையில் அவனை எட்டுகின்றது. அவன் உட்கார்ந்து அழுது, சில நாள் துக்கித்து, உபவசித்து ஜெபிக்கின்றான். எருசலேம் இடிந்தபோது அவன் பிறந்தவனுமல்லன். ஆயினும் அவனுடைய ஜெபத்தில், முன்னோர் பாவஞ்செய்தனர் என்று தொலைவில் நின்று சொல்லாமல், தானும் தன் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம் என்று தன்னை முன்னிறுத்திக் கூறுகின்றான். அலங்கம் கட்டப்படும் வேலை இந்த ஒப்புதலிலிருந்தே ஆரம்பமாகின்றது. ஐந்தாம் அதிகாரத்திற்குச் செல்லின் இன்னும் வியப்பு. தரித்திரர்பால் வட்டி வாங்கி அவர் வயல்களை அடைமானமாகப் பற்றியிருந்த மூப்பரைக் கடிந்துகொள்ளுமிடத்து, தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்தவர்களே என்பதை அவன் மறைப்பதில்லை. உபவசித்தவன் கைக்கணக்கையும் திறந்து காட்டினான்.

ஏசாயாவின் 58ஆம் அதிகாரம் இதனினும் கடுமையானது. வழக்குக்கும் வாதுக்கும் உபவசிப்போரைத் தீர்க்கதரிசி அங்கே கடிந்துரைக்கின்றார். வீட்டிற்குள்ளேயே ஒருவரையொருவர் வெல்வதற்கு உபவசிப்போர் அக்காலத்தும் இருந்தனர் போலும்! கணவன்மேற் கொண்ட கோபத்தால் உண்ணாதிருத்தலுக்கும், அவன்பொருட்டு உபவசித்தலுக்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை சிறிதுமில்லை. உள்ளத்தே இரண்டும் வானும் மண்ணுமாம். பசியினால் முகம் வாடுதலைப் பிறர் காணவேண்டாமென்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்திற் கூறியது பரிசேயரைக் குறித்தே என்று நாம் எளிதிற் கடந்துவிடுகிறோம். அவ்வுபதேசம் ஒரே கூரையின்கீழ் வாழ்வோர்க்கும் உரியது. வாடிய முகத்தைக் காட்டி வீட்டாரை வருத்துதலும் ஒருவகை ஆயுதமன்றோ?

பிள்ளைக்காக ஜெபித்த தாய்மாருள் மோனிக்கா அம்மையாரைப்போல் உலகமறிந்தவர் இல்லை. அவருடைய சரிதத்தில் பொதுவாகப் பிரசங்கங்களிற் சொல்லப்படாத இரண்டு செய்திகளை இங்கே எடுத்துக்காட்ட விழைகிறேன். அவர் வட ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் வாழ்ந்தவர். கணவர் பத்திரிசியு, கிறிஸ்தவரல்லர், முன்கோபி. மகன் அகுஸ்தீன் 354இற் பிறந்தவர். கல்வியிற் சிறந்து, ஒழுக்கத்திற் பிறழ்ந்து, மணிகேயருடைய கொள்கையிற் பல்லாண்டு மயங்கியிருந்தார். தாயின் ஜெபம் நெடுங்காலம் பலியாதது போலவே தோன்றிற்று. 387ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகையில் மிலான் நகரத்து அத்தியட்சர் அம்புரோசியுவின் கையால் மகன் ஞானஸ்நானம் பெற்றார்; அவ்வாண்டே ஒஸ்தியாத் துறைமுகத்தில் தாய் இறந்தார். இதுவரை யாவருமறிந்ததே.

மறைந்துகிடக்கும் முதற் செய்தி இது. மோனிக்கா சிறுமியாயிருந்தபோது, பெற்றோருக்காகப் பீப்பாயிலிருந்து திராட்சமது மொள்ளச் செல்லுமிடத்துச் சிறிது சிறிதாகச் சுவைக்கத் தொடங்கி, நாளடைவிற் கிண்ணம் நிறையப் பருகும் வழக்கத்தில் வீழ்ந்தார். வீட்டு அடிமைப்பெண் ஒருத்தி ஒருநாள் சச்சரவில் அவரைக் குடிகாரி என்று இழித்துரைத்தாள். அச்சொல் தைத்தது, வழக்கம் ஒழிந்தது. மகன் தம் பாவசங்கீர்த்தன நூலின் ஒன்பதாம் பாகத்தில் இதனை ஒளியாமல் எழுதியுள்ளார். தம் மகனுக்குத் தாமே இதனைச் சொன்னவர் மோனிக்கா. தாம் எங்ஙனம் விழுந்தோமென்பதைப் பிள்ளையிடஞ் சொல்லிய தாயின் ஜெபம் எத்தகையதாயிருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க. அவர் நிரபராதியின் ஆசனத்திலிருந்து மன்றாடவில்லை.

இரண்டாவது செய்தி உபவாசத்தைப் பற்றியதே. தம் ஊர் வழக்கப்படி சனிக்கிழமையில் உபவசிக்கவேண்டுமோ, மிலானியர்போல் அன்று உண்ணலாமோ என்று அவர் மனங்கலங்கினார். மகன் அம்புரோசியுவிடம் கேட்டு வந்தார். எந்தச் சபையிற் சென்று தங்குகிறோமோ அதன் வழக்கத்தைப் பின்பற்றுக என்பதே அத்தியட்சர் கூறிய விடை. மோனிக்கா அதனை ஏற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுதும் உபவசித்தவர் உபவாச நாளைப் பற்றிப் பிடிவாதம் கொள்ளவில்லை. நம் ஊர்களில் வெள்ளியா, சனியா, நாற்பது நாளா, இருபத்தொரு நாளா என்று சபைகள் பிரிந்து சண்டையிடுதலைக் காண்போர்க்கு இது போதுமான விடை.

வீட்டாருடைய குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு உபவசித்தலுக்குக் கிறிஸ்தவரல்லாத ஒருவரின் திருஷ்டாந்தமும் உண்டு. 1913இல் தென்னாப்பிரிக்காவில், தம் ஆசிரமவாசிகள் இருவர் ஒழுக்கந்தவறினர் என்று கேட்ட காந்தியடிகள், ஏழுநாள் முழு உபவாசமும் நாலரை மாதம் ஒருவேளை உணவும் மேற்கொண்டார். காவலனாயிருப்பவன் தன் பொறுப்பிலுள்ளோர் தவறுக்கு ஓரளவேனும் உத்தரவாதி என்பதே அவர் கொண்ட நியாயம். பிற்காலத்து அவர் பொதுவாழ்வில் மேற்கொண்ட உபவாசங்களைக் குறித்து அபிப்பிராயபேதம் உண்டு. அவை பிறரை நெருக்கின என்போர் உளர். இம்முதல் உபவாசத்திலோ அந்நெருக்கடி குறைவு. தன்னையே முன் நிறுத்தியது மிகுதி.

நமக்கு அண்மையில் ஸ்கடர் குடும்பம் இருக்கின்றது. யோவான் ஸ்கடர் வைத்தியர் 1819இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிற் பல்லாண்டும், 1836 முதற் சென்னையிலும் ஊழியஞ்செய்தார். அவருடைய மனைவி ஹாரியெட் அம்மையார் தம் பிள்ளைகளின் பிறந்தநாட்களை அவரவர்க்காக ஜெபிக்கும் நாட்களாக ஒதுக்கி வைத்தார் என்று அக்குடும்ப வரலாறு கூறும். கல்வியின்பொருட்டுப் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டுக் கடிதத்திற்காக மாதக்கணக்கிற் காத்திருந்த வீடு அது. அவர்தம் புதல்வருள் எழுவர் இந்தியாவுக்கு ஊழியராய் மீண்டனர். 1853இல் அவருள் மூவரால் ஆர்க்காட்டு மிஷன் தொடங்கப்பெற்றது. அன்னை அதனைக் காணவில்லை. 1849இலேயே சென்னையில் இறந்தார். இவ்வரலாற்றைச் சொல்லி, ஜெபித்தால் உங்கள் பிள்ளைகளும் இப்படி ஆவர் என்று வாக்களிப்பது பிரசங்கிகளின் வழக்கம். நான் அதனைச் செய்யேன். அதேபோல் ஜெபித்துப் பலன் காணாத தாய்மார் எண்ணிறந்தோர் நம் கல்லறைத் தோட்டங்களில் உறங்குகின்றனர். பிறந்தநாளில் விருந்து வேண்டிய இடத்தில் அவ்வம்மையார் முழங்காலைத் தந்தார் என்பதே நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது.

விருத்தாசலத்துச் சூளைக்காரர் ஒன்றை நன்கறிவர். சுடாத பாத்திரம் கோணினால் நீரிற் கரைத்து, மீண்டும் பிசைந்து, வேறொரு பாத்திரமாக்கலாம். ஈரம் முற்றும் உலருமுன் அவசரப்பட்டுச் சூளையில் வைத்தாலோ வெடித்துவிடும். சுட்டபின் கோணல் கோணலே; உடைக்கலாம், திருத்தலாகாது. எரேமியாவின் 18ஆம் அதிகாரத்திற் குயவன் கெட்ட பாத்திரத்தை மறுபடி வனைகின்றான். 19ஆம் அதிகாரத்தில் சுட்ட கலசம் உடைக்கப்படுகின்றது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. வீட்டார் மனம் இறுகுமுன் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. அவ்வேலைக்குப் பொறுமை வேண்டும். பலர் பிள்ளையின் மனம் சுடுபட்டு இறுகிய பின்னரே உபவாசத்தை நினைக்கின்றனர். முப்பது வயது மகனுக்காக நாற்பது நாள் உபவசிக்கும் தகப்பன், அவன் பத்துவயதுச் சிறுவனாயிருந்தபோது நாள்தோறும் கால்மணி நேரம் அவனருகில் இருந்தானா? அருகில் வசித்தல் என்னும் பொருளை இங்கே நினைவுகூர்க.

இனி, எவரும் பேச விரும்பாத ஒன்றைப் பேசியே ஆகவேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்தின் மனந்திரும்புதல் என்று சொல்லுமிடத்துக் குடியும் சூதும் நினைவுக்கு வருகின்றன, சாதி வருவதில்லை. இத்தென்னார்க்காட்டு மண்ணில் அது நினைவுக்கு வராமலிருத்தல் விந்தை. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில், சாதி வழக்கத்தைச் சபைக்குள் பொறுத்துக்கொள்ளலாமோ என்னும் வினாவில் லைப்சிக் மிஷனோடு முரண்பட்டுப் பிரிந்தவர் கார்ல் ஓக்ஸ் ஐயர். 1860களில் பட்டாம்பாக்கத்தில் அவர் நடத்திய ஊழியத்தை டேனிஷ் மிஷன் ஏற்றுக்கொண்டது. அதன் வழிவந்ததே இன்றைய ஆர்க்காடு லுத்தரன் திருச்சபை. அதாவது, இம்மாவட்டத்துச் சபைகளிற் பலவற்றின் பிறப்பே சாதியைப் பற்றிய ஒரு மனச்சாட்சிப் பிரச்சினையில் நிகழ்ந்தது. 1833இலேயே கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சாதியைச் சபையினின்று உடனே, முற்றிலும் அகற்றவேண்டுமென்று கட்டளை விடுத்தார். அக்காலத்து மிஷன்களிற் சில, சாதியை விட்டதற்கு அடையாளமாக ஒரே பந்தியில் உண்ணுதலையே கேட்டன. ஜெபத்திற் கலந்துகொள்ளுதல் எளிது. பந்தியிற் கலத்தலே அரிது என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

உபவாசம் முடிந்தால் உணவு வரும். அவ்வுணவில் யார் அமர்கின்றார் என்பதைக் கொண்டு அவ்வுபவாசத்தின் தன்மையை அளக்கலாம். ஒரே சபையில் உபவசித்து ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் பெற்றவர், மாலையிற் தத்தம் தெருவுக்குத் திரும்பி, மகன் வேறு தெருவிற் பெண்கொண்டான் என்பதற்காக அவனை வீட்டினின்று தள்ளிவைத்து, பின்னர் அவனுடைய மனந்திரும்புதலுக்காக உபவசிக்கின்றனர். மனந்திரும்பவேண்டியவர் யார்? ஏசாயா மேற்கூறிய அதிகாரத்திலே, தன் சொந்த மாம்சமானவனுக்கு ஒளியாதிருத்தலை உபவாசத்தின் இலக்கணங்களுள் ஒன்றாகச் சேர்த்திருப்பதை இத்தகைய பெற்றோர் காணவேண்டும்.

குடியைப் பற்றிச் சில வரிகள். குடிகாரக் கணவனுக்காக மனைவி உபவசிக்கும் வீடுகள் கம்மாபுரத்தைச் சூழ்ந்த கிராமங்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுதும் உள்ளன. 1937இற் சேலத்தில் மதுவிலக்குத் தொடங்கி, 1948இற் சென்னை மாகாணம் முழுதும் பரவி, 1971இல் தளர்த்தப்பட்டு, 2003 முதற் சில்லறை மது விற்பனை அரசின் கையிலேயே வந்துற்றது. ஆதலால் அம்மனைவியின் பசியை அவள் கணவனுடைய பாவத்தின் பலனென்று மாத்திரம் கூறுவது நியாயமன்று. ஓட்டுரிமையுடைய நாமனைவரும் அவ்வீட்டின் குற்றத்திற் பங்குடையோம். சபையார் அவளோடு ஒருநாள் உபவசிப்பதாயின் இவ்வறிவோடு உபவசித்தல் நலம்.

மற்றொன்று, உபவாசத்தால் மிஞ்சும் உணவின் கணக்கு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏர்மாவின் மேய்ப்பன் என்னும் நூல், உபவசிக்கும் நாளில் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணித்து, விதவைக்கோ திக்கற்றோர்க்கோ கொடுக்குமாறு விதிக்கின்றது. நம் தாய்மார் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுத்த வழக்கம் இதற்கு ஒத்ததே. பிடியரிசிக் கலயம் பல வீடுகளில் மறைந்தது. உபவாச நாட்களோ பெருகின. மிஞ்சிய அரிசி எங்கே சென்றது?

முழு உபவாசம் யாவர்க்கும் உரியதன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். நீரிழிவு நோய்க்கு மருந்துண்போர், கருவுற்ற மாதர், பால்கொடுக்கும் தாய்மார், வளரும் சிறுவர், சூளைமுன் நின்று வேலைசெய்வோர் ஆகியோரை நீருமின்றி உபவசிக்குமாறு ஏவுதல் பாவமென்றே கூறுவேன். அவர்களுக்கு வேறு விலக்குகள் உண்டு: கைப்பேசியை ஒருநாள் விடலாம், வீண்பேச்சை விடலாம், வீட்டில் ஒருவர்மேல் நெடுநாள் வைத்திருந்த மௌனத்தை விடலாம். கடைசியிற் கூறியது சோற்றை விடுவதினும் கடினமென்று அனுபவித்தோர் சொல்வர்.

நம் மாணவர் இதில் என் செய்வரெனின், விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்புவோரே முதலிற் செய்யத்தக்கவர். ஊரில் உபவசிக்கும் தாயாரிடம், அம்மா, இந்த வெள்ளிக்கிழமை நானும் உங்களோடு இருக்கிறேன் என்று சொல்லி, அன்று அடுப்பைத் தாமே பற்றவைத்துத் தந்தைக்கும் தம்பி தங்கையர்க்கும் சோறாக்கி இடலாம். மாலையில் விளக்கேற்றி ஜெபிக்குமிடத்து, தந்தையின் பெயரைச் சொல்லுமுன் தம் பெயரைச் சொல்லலாம். கல்லூரிக் கட்டணத்தைக் குறித்து வீட்டிற் சொன்ன பொய் ஏதேனும் இருப்பின் அதனை அவ்விளக்கின்முன் சொல்லிவிடலாம். வயலில் வேலைசெய்தார்க்குக் கொடாத கூலி நிலுவையிருந்தால், உபவாசம் முடித்து உண்ணுமுன் அதனைத் தந்தையோடு சென்று கொடுத்து, கொடுத்த வீட்டாரையும் பந்திக்கு அழைத்துவரலாம்.